இலண்டனில் ஆறேகால் சென்ட்

இலண்டன் மாநகர் என்றதும் நம் மக்களின் மனக்கண்முன் தோன்றுவன தேம்ஸ் நதியும், திறந்து மூடும் பாலமும், மணிக்கூண்டும், அரச மாளிகையுமே. அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நாம் எழுதப் புகுவது வேறோர் இடத்தைப் பற்றி. மாநகரின் தென்புறத்தில், இருப்புப் பாதைக்கும் ஒரு பள்ளியின் மதிற்சுவருக்கும் இடையே, பூட்டிய இரும்புக் கதவுக்கு அப்பால் ஒரு நிலப்பரப்பு உண்டு. உள்ளே நுழைந்தால் வரிசை வரிசையாகப் பாத்திகள், மூங்கிற்கழிப் பந்தல்கள், பழைய சன்னற் கண்ணாடிகளைக் கொண்டு கட்டிய நாற்றுக் கூண்டுகள், கூரையில் பாசி படர்ந்த மரக் கொட்டகைகள், மூலைக்கு மூலை மக்கிக் கொண்டிருக்கும் எருக்குவியல்கள். பத்து நிமிடத்துக்கொருமுறை தொடர்வண்டி கடகடவென்று செல்லும்போதுதான் நிற்குமிடம் இலண்டன் என்பது நினைவுக்கு வரும்.

'அலாட்மென்ட்' என்று ஆங்கிலேயர் இதனை அழைப்பர். பங்கிட்டு ஒதுக்கிய நிலம் என்பது பொருள். நிலம் நகரமன்றத்துக்குரியது, குடிமக்கள் ஆண்டுக்கொரு சிறு குத்தகை செலுத்திப் பயிரிடுவர். கேட்போருக்கு இவ்வாறு நிலம் தேடித் தருவது மன்றங்களின் கடமை என்று 1908-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. விளைவது முதன்மையாகத் தமக்கும் தம் குடும்பத்துக்கும் உண்பதற்கே என்பது 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இலக்கணம். ஒரு முழுப் பங்கு 'ராடு' என்னும் பழைய அளவையில் பத்து; அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஆறேகால் சென்ட்.

இவ்வேற்பாடு இரக்கத்தால் மட்டும் பிறந்ததென்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஊர்ப் பொதுநிலம் மிகுதியாக இருந்தது. ஏழையும் அதில் தன் பசுவை மேய்த்தான், விறகு பொறுக்கினான். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றி, 68 இலட்சம் ஏக்கர் அளவு நிலத்தை வேலியிட்டுத் தனியுடைமையாக்கினர். நிலமிழந்தோர் கூலிகளாயினர். 1845-இல் வந்த சட்டமொன்று, வேலியிடும் இடங்களில் நிலமற்ற ஏழைகளுக்குத் தோட்டத் துண்டுகள் ஒதுக்க வழி செய்தது. உண்மையில் ஒதுக்கியதோ மிகச் சிறிது. ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை எதற்காகக் கேட்டான்? காய்கறித் தோட்டம் போடுவதற்காக என்று அரசர்கள் முதல் நூலில் வாசிக்கிறோம். இங்கே நடந்ததோ, நாபோத்துக்களின் நிலத்தை எடுத்துக்கொண்டு, பிற்பாடு காய்கறித் தோட்டம் போட்டுக்கொள்ள அவர்களுக்கே ஒரு மூலையைத் திருப்பிக் கொடுத்த கதை. இரண்டாம் உலகப் போரில் உணவுக் கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்ட போது அந்த மூலைகள்தாம் கைகொடுத்தன. அரசின் தூண்டுதலால் பூங்காக்களிலும், இலண்டன் கோபுரக் கோட்டையின் அகழியிலுங்கூடக் காய்கறி பயிரிட்டனர். அந்நாளில் ஏறத்தாழ 14 இலட்சமாயிருந்த பங்குகளில் இன்று எஞ்சியிருப்பது கால் பங்களவே. அதனால் ஒரு துண்டு பெற ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளது.

நாமும் பெயரெழுதி வைத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தோம். 2021 நவம்பர் மாதத்தில், உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதத்தில், திறவுகோல் கைக்கு வந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்வது நன்று. நம் தந்தையார் ஏலாக்குறிச்சியை அடுத்துக் கொள்ளிடக் கரையில் இரண்டு ஏக்கர் தோட்டக்கால் வைத்திருந்தார். வாழையும் கத்தரியும் வெண்டையுமாக அஃது எங்களை வளர்த்தது. முதற் காய்ப்பை அடைக்கல அன்னையின் திருத்தலத்தில் வைக்காமல் அவர் சந்தைக்கு அனுப்பியதில்லை. பிள்ளைகளாகிய நாமோ, படிப்பு என்னும் பெயரால் மண்வெட்டியினின்று தப்பினோம். விடுமுறையில் வரப்பில் நின்று புத்தகம் வாசித்ததுண்டே தவிரப் பாத்தி கட்டியதில்லை. தந்தையார் மறைந்தபின் தோட்டக்கால் விலைபோயிற்று. அதன் விலையில் ஒரு பங்கு நம் விமானச் சீட்டாயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின், கடல் கடந்து, ஆறேகால் சென்டுக்கு வரிசையில் நின்றோம்.

அந்நிலம் இருந்த கோலத்தைப் பார்த்ததும் நம் இல்லத்தரசியார் சிரித்தார். இடுப்பளவு களை. அடியில் அருகு போன்ற ஒரு புல்லின் வெள்ளை வேர்கள் பின்னிக் கிடந்தன. மண்ணோ இலண்டனுக்கே உரிய களிமண், மழையில் காலணியைப் பற்றி இழுக்கும், வெயிலில் செங்கல்லாகும். புதிய நான்முட் கவையுடன் முதல் சனிக்கிழமையே இறங்கினோம். அடுத்த பங்கில் முதியவர் ஒருவர் வேலியோரம் வந்து நின்றார். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தினர். கட்டட வேலைக்கு இளமையில் வந்தவர். நம் பங்குக் கோவிலில் ஞாயிறுதோறும் பின்வரிசையில் அமர்பவர். "ஈரத்தில் மிதிக்காதீர்கள். கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும்" என்றார்.

சோம்பேறித்தனமான அறிவுரை என்று நினைத்து மாலை வரை மிதித்தோம். மிதித்த இடம் மார்ச்சு மாதத்தில் பாறையாகக் கிடந்தது. களைத்துப்போய்ப் புரட்டியபடியே விட்டுவந்த மூலையோ புட்டு மாவு போல உதிர்ந்தது. களிமண்ணுக்குள் இருக்கும் நீர் உறையும்போது விரிகிறது. விரிந்து கட்டியைப் பிளக்கிறது. நம் நாட்டில் கோடை உழவு செய்து கதிரவன் கையில் மண்ணை ஒப்படைக்கிறோம். இங்கு அதே வேலையைப் பனி செய்கிறது. "தம்பி, ஈரத்திலே மிதிக்காதே" என்று தந்தையார் வரப்பிலிருந்து கூவிய குரல் அப்போதுதான் காதில் விழுந்தது. நாற்பது ஆண்டு தாமதம்.

குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டிசம்பர் 21-இல் பகற்பொழுது எட்டு மணி நேரங்கூட இராது. நம் திருச்சிப் பக்கம் ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் ஒன்றேகால் மணி வேறுபாடு. இங்கோ எட்டே முக்கால் மணிக்கும் மிகுதி. லீக், பிரஸ்ஸல்ஸ் களைக்கோசு, பார்ஸ்னிப் கிழங்கு ஆகியவை மட்டும் அசையாது நிற்கும். பார்ஸ்னிப்பில் உறைபனி பட்டபின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பேறுகிறது. முதியவரின் கொட்டகையில் மண்ணெண்ணெய் அடுப்பொன்றும், சுவரில் கையில் மண்வாரி பிடித்த புனிதர் படமொன்றும் இருந்தன. அவர் புனித பியாக்கர், 7-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து பிரான்சு சென்று துறவியாய் வாழ்ந்து, காய்கறி பயிரிட்டு வழிப்போக்கருக்கு உணவளித்தவர், தோட்டக்காரர்களின் பாதுகாவலர். பிற்காலத்தில் பாரிசில் அவர் பெயர் தாங்கிய விடுதியொன்றின் முன்னிருந்து வாடகைக் குதிரை வண்டிகள் புறப்பட்டதால், அவ்வண்டிகளுக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டதாம். தோட்டக்காரருக்குக் கிடைத்த இந்த இரண்டாம் புகழை அவர் விரும்பியிருப்பாரோ என்னவோ!

பெப்ரவரியில் விதைக்கிழங்குகளை முட்டை அட்டைகளில் நிறுத்திச் சன்னலோரம் முளைகட்ட வைப்பர். அவற்றைப் புனித வெள்ளியன்று நடுவது அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் வழிவழி வந்த வழக்கம். புனித வெள்ளியோ மார்ச்சு 20 முதல் ஏப்ரல் 23 வரை எந்நாளிலும் வரலாம். நாட்காட்டிக்கு இது பொருந்தாதே என்று கேட்டோம். "மண்ணுக்குள் வைப்பதை மூன்றாம் நாள் தோண்டிப் பார்க்கச் சொல்லவில்லையே" என்று சிரித்தார் பெரியவர். தவக்காலத்துக்கும் தோட்டத்துக்கும் வேறோர் உறவும் உண்டு. குளிர்காலக் காய்கறிகள் பூத்து வீணாகி, புதியன இன்னும் வராத ஏப்ரல், மே மாதங்களைப் 'பசி இடைவெளி' என்றே இந்நாட்டார் அழைப்பர். முன்னாளில் ஏழைக்கு நோன்பு திருச்சபை விதிக்காமலே வந்துவிடும்.

2022-ஆம் ஆண்டு, உயிர்ப்புப் பெருவிழா கழிந்த வாரம் வெயில் இதமாயிருந்தது. ஊரிலிருந்து வந்த பூசணி நாற்றுகளையும் அவரையையும் வெட்டவெளியில் நட்டோம். மே நடுப்பகுதி வரை பொறுங்கள் என்று பெரியவர் தடுத்தார். ஆடிப்பட்டம் தெரிந்த குடும்பத்துக்கு இவர் பட்டம் சொல்வதா என்ற எண்ணம். மாத இறுதியில் ஓரிரவு உறைபனி. காலையில் நாற்றுகள் வெந்நீர் ஊற்றியவை போலக் கருத்துக் கிடந்தன. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் கூண்டில் உபரியாக வளர்த்திருந்த பூசணி நாற்றுகள் நான்கை மே 20 வாக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

எந்தக் கீரை வரும், எது வராது என்று கேட்கும் வாசகர்கட்கு: முருங்கை வராது, தொட்டியில் முளைத்து முதற் குளிரில் இறந்தது. வெண்டை பெயருக்கு நான்கு காய்த்தது. மிளகாய் கண்ணாடிக் கூண்டுக்குள் நன்றாய் வரும். வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் ஊரைவிடச் செழிப்பு. ஆனால் நீண்ட பகலில் கொத்தமல்லி விரைந்து பூத்துவிடும். தண்டுக்கீரைக்குச் சூலை வெயில் போதும். எதிர்ப் பங்கிலிருந்த ஜமைக்கா நாட்டு அம்மையார் நம் கீரைப் பாத்தியைக் கண்டு, "என் பாட்டியின் கலலூ இங்கே எப்படி வந்தது?" என்று வியந்தார். அதே செடி! அன்று முதல் சமையல் முறைகள் வேலி தாண்டின.

கோடைப் பகல் பதினாறரை மணி நேரம். மாலைத் திருப்பலி முடிந்து வந்தும் ஒன்பது மணி வரை களை பறிக்கலாம், பறிக்கத்தான் வேண்டும். இரவில் ஓடில்லா நத்தைகள் கைவிளக்கொளியில் படையெடுத்து வருவதைக் கண்டோம். அவற்றுக்கு நாம் இழந்தவற்றின் பட்டியல் நீளம். இலண்டனில் மழை ஓயாது என்பது பாதிக் கதை. ஆண்டு முழுவதும் பெய்வது 600 மில்லிமீட்டர் அளவு. சென்னை பெறுவதில் பாதிக்கும் குறைவு. மாதந்தோறும் சிறிது சிறிதாகப் பெய்வதால்தான் ஓயாதது போலத் தோன்றும். அது தவறினால் என்னாகும் என்பதை அவ்வாண்டே கண்டோம். 2022 சூலை 19-இல் இந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டியது. ஆகஸ்டு இறுதியில் இரப்பர்க் குழாயில் நீர் பாய்ச்சத் தடை. தொட்டியிலிருந்து பூவாளியில் மொண்டு மொண்டு ஊற்றினோம். எண்பதைத் தாண்டிய பெரியவரும் ஊற்றினார். நம் பூவாளியைக் கொடுக்க மறுத்தார்.

2023 சனவரியில் அவர் வீட்டுப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனை, பிறகு பராமரிப்பு இல்லம். மனைவி முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் அவருடைய கொட்டகைக் கதவில் அலுவலகக் கடிதம் ஒட்டப்பட்டிருந்தது: நிலம் பயிரின்றிக் கிடக்கிறது, ஒரு மாதத்துக்குள் பயிரிடாவிடில் மீட்டுக்கொள்ளப்படும். எழுதியவர்மீது குற்றமில்லை என்பார் உண்டு. வரிசையில் எத்தனையோ பேர் காத்திருக்கின்றனர். நாமும் அவ்வரிசையில் நின்றவர்களே. ஆனால் முப்பத்தெட்டு ஆண்டுகள் அம்மண்ணில் எருவிட்டவர் ஏன் வரவில்லை என்று ஒரு தொலைபேசி அழைப்பிலாவது கேட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை என்பதே நம் வருத்தம்.

நாமும் ஜமைக்கா அம்மையாரும் இன்னும் இருவரும் கையொப்பமிட்டு ஓர் ஆண்டு தவணை கேட்டோம். பயிரிருந்தால் போதும், கை யாருடையதாயினும் சரி என்று பதில் வந்தது. அவ்வாண்டு புனித வெள்ளி ஏப்ரல் 7. சிலுவைப் பாதை முடிந்து, நோன்போடு, அவர் பாத்திகளில் ஐந்து வரிசை உருளைக்கிழங்கு நட்டோம். அவருடைய மண் கருத்து, இளகி, கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. களிமண்ணை அப்படி ஆக்க முப்பத்தெட்டுக் குளிர்காலங்கள் ஆகியிருந்தன. மறுநாள் பராமரிப்பு இல்லத்துக்குச் சென்று சொன்னோம். "எவ்வளவு ஆழம்?" என்று மட்டும் கேட்டார்.

செடிகள் செழித்தன. இருமுறை மண் அணைத்தோம். சூலையில் மழை ஓயவில்லை. புழுக்கமும் கூடவே இருந்தது. சூலை மூன்றாம் வாரம் பராமரிப்பு இல்லத்தினர் அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தனர். நாம் பெருமையோடு வரிசைகளைக் காட்டினோம். அவர் கை நீட்டி ஓர் இலையைத் திருப்பினார். மேலே பழுப்புப் புள்ளி. அடியில் வெண்பூசணம் மெல்லிய வளையமாய்ப் படர்ந்திருந்தது. பின்கருகல் நோய்.

1845 என்னும் ஆண்டை முன்னர்க் குறித்தோம். ஏழைகளுக்குத் தோட்டத் துண்டு ஒதுக்கும் சட்டம் இலண்டனில் நிறைவேறிய அதே ஆண்டு, செப்டம்பரில், இந்நோய் அயர்லாந்தில் இறங்கியது. நிலமற்ற உழவன் உருளைக்கிழங்கொன்றையே உண்டு வாழ்ந்த நாடு அது. தானியமும் கால்நடையும் அயர்லாந்திலிருந்து கப்பலேறிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த சில ஆண்டுகளில் பத்து இலட்சம் பேர் அளவில் பசியாலும் காய்ச்சலாலும் மடிந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு ஓடினர். மேயோ மாவட்டம் மிகக் கொடுமையாக அடிபட்ட பகுதிகளுள் ஒன்று.

பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். சிறிது நேரம் பேச்சில்லை. தொடர்வண்டியொன்று கடந்து சென்றது. பிறகு, "கத்தி இருக்கிறதா?" என்றார். தண்டுகளைத் தரையோடு இன்றே அறுத்துவிட வேண்டும். நோய் தண்டு வழியும் மழைநீர் வழியும் கிழங்குக்கு இறங்குமுன் அறுக்க வேண்டும். அறுத்ததை எருக்குழியில் இடாமல் அகற்றவேண்டும். பிறகு மூன்று வாரம் மண்ணைத் தொடக்கூடாது, தோல் தடிக்கட்டும் என்றார். முதல் வரிசையை நாற்காலியிலிருந்தபடியே குனிந்து அவரே அறுத்தார். குனிவதைத் தடுக்க வந்த பணிப்பெண்ணை நம் இல்லத்தரசியார் கைப்பிடித்து நிறுத்தினார். மிச்சம் நான்கு வரிசைகளை மழை தூறத் தூற நாம் அறுத்து முடித்தோம். அவருக்கு ஐம்பது அறுபது வயது குறைந்தது போலவும் கூடியது போலவும் இருந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அன்னையின் விண்ணேற்புத் திருநாள் கழிந்த சனிக்கிழமை தோண்டினோம். தோண்டுமுன் நெஞ்சு படபடத்ததை மறைப்பானேன்? ஐந்து வரிசையில் ஒரு வரிசை அழுகி நாறியது. நான்கு வரிசை பிழைத்தது. மூன்று சாக்குகள். ஒரு சாக்கு பங்குக் கோவிலின் உணவு வங்கிக்குச் சென்றது. அங்கு வரிசையில் நிற்போர் தொகை ஆண்டுக்காண்டு கூடுவதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். ஒரு சிறு பையைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுசென்றோம். சமையற்கூடத்தில் அவித்து, வெண்ணெயும் உப்புமிட்டுத் தந்தனர். தோலோடு உண்டார். "கொஞ்சம் ஆழமாய் நட்டிருக்கிறீர்கள்" என்றார்.

அக்டோபர் இறுதியில் அவரே பங்கை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தார். தவணை முடியுமுன் பிறர் எடுத்துக்கொள்வதற்குப் பதிலாகத் தாமே கொடுத்துவிட விரும்பினார் போலும். பங்கு வாரிசுக்குச் செல்வதில்லை, அண்டைப் பங்கினருக்கும் செல்வதில்லை, வரிசையில் அடுத்தவருக்கே. அது சரியான விதியென்றே கருதுகிறோம், கைவிட்டுப் போன மண்ணை நினைக்கையில் வயிறு எரிந்தபோதிலும். கொட்டகையிலிருந்த புனித பியாக்கரின் படத்தை மட்டும் அவர் படுக்கையருகே கொண்டுபோய் மாட்டினோம். ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்து செல்லும்போது, பனி விழுந்ததா, பூண்டு முளைத்ததா என்று கேட்கிறார்.

நவம்பர் மாதத்து முதற் சனிக்கிழமை, புதிதாகத் திறவுகோல் பெற்ற இளம்பெண்ணொருத்தி கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் நிறுத்திவிட்டு, பளபளக்கும் புதுக் கவையுடன் பெரியவரின் பாத்தியில் இறங்கினாள். முந்தைய இரவு முழுவதும் மழை. நாம் வேலியோரம் சென்று, ஈரத்தில் மிதிக்க வேண்டாம் என்று சொன்னோம். இனிமையாக நன்றி கூறிவிட்டு மிதித்துக்கொண்டேயிருந்தாள். நாம் திரும்பிவந்து பூண்டு நட்டோம்.